சற்றுமுன் கேட்டது ஏன் நிற்கவில்லை? குறுகியகால நினைவுப் பிழைகளை அறிகுறியைக் கொண்டு கண்டறிந்து சரிசெய்யும் வழிமுறை

தொலைபேசி எண் பாதியில் நழுவிப்போவதையும், சமையலறைக்குள் நுழைந்த பிறகு எதற்கு வந்தோம் என்று திகைத்து நிற்பதையும், காலை மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று குழம்புவதையும் நாம் பொதுவாக மறதி என்றே சொல்லிவிடுகிறோம். சொல்வதோடு நிற்காமல், எல்லாவற்றுக்கும் சேர்த்து வல்லாரைக் கீரையையோ விளம்பரத்தில் வரும் மாத்திரையையோ பரிகாரமாகத் தேடுகிறோம். ஆனால் மூளையின் வேலையில் இவை வெவ்வேறு கட்டங்களில், வெவ்வேறு காரணங்களால் ஏற்படும் பிழைகள். ஒன்றுக்குப் பலன் தரும் வழி மற்றொன்றுக்கு உதவாது. எந்தக் கட்டத்தில் பிழை நேர்ந்தது என்று கண்டுகொண்டால் பெரும்பாலானவற்றை மருந்தில்லாமலே, சில பழக்கங்களை மாற்றிக்கொள்வதன் மூலம் குறைத்துவிட முடியும் என்பதே இந்தக் கட்டுரையின் அடிப்படை. மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. அவற்றைக் கடைசிப் பகுதியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். திடீரென்று தொடங்கிய மறதிக்காக இதைப் படிப்பவர்கள் நேரே அந்தப் பகுதிக்குப் போய்விடவும்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

வீட்டில் ஒருவரிடம், உங்களுக்கு முன்பே தெரியாத ஆறு இலக்க எண் ஒன்றை நொடிக்கு ஓர் இலக்கமாக நிதானமாகச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லி முடித்த உடனேயே உங்களால் திருப்பிச் சொல்ல முடியாவிட்டால், கவனம் அதை உள்ளே வாங்கவில்லை, அல்லது ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய அளவை அது மீறிவிட்டது. உடனே சொல்ல முடிந்து, அரை நிமிடம் வேறு ஏதாவது பேசிய பிறகு சொல்ல முடியாமல் போனால், பிடித்து வைத்திருக்கும் கட்டத்தில் குறுக்கீடு நிகழ்ந்திருக்கிறது. வாய்க்கு வராமல், மூன்று எண்களை எழுதிக் காட்டி இவற்றில் எது என்று கேட்டால் மட்டும் சரியாகச் சுட்டிக்காட்டுகிறீர்கள் என்றால், தகவல் உள்ளேதான் இருக்கிறது. தேடி எடுப்பதில்தான் தடை. ஒரு முறை செய்து பார்த்து முடிவுக்கு வராதீர்கள். களைப்பாக இருக்கும் மாலையிலும், நன்றாகத் தூங்கி எழுந்த காலையிலும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தப் பிடித்திருத்தல் எப்படி நடக்கிறது என்பதை அறிந்துகொண்டால் பின்வருபவை எளிதில் விளங்கும். குரங்கின் கண்முன்னே இரண்டு இடங்களில் ஒன்றில் உணவை மறைத்துவைத்து, திரையை இறக்கி, சிறிது நேரம் காக்கவைத்து, பிறகு எங்கே என்று தேர்ந்தெடுக்கச் செய்யும் சோதனையில், 1971-ஆம் ஆண்டு ஹொவாக்கின் ஃபூஸ்டரும் கேரட் அலெக்சாண்டரும் மூளையின் நெற்றிப் பகுதியில் உள்ள நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள். உணவு கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவேளை முழுவதும் சில நரம்பணுக்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் சில நொடிகளுக்கு வலுவடைவதும் இதில் பங்கு வகிக்கிறது என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எது எவ்வளவு என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது. நமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: குறுகியகால நினைவு என்பது மூளை தொடர்ந்து செய்துகொண்டிருக்கும் ஒரு வேலை. அந்த வேலை தடைபட்ட கணத்தில் தகவலும் போய்விடுகிறது.

அறிகுறி: கேட்டு முடிப்பதற்குள் பாதி போய்விடுகிறது

இது அளவைப் பற்றிய சிக்கல். 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, மனிதர்கள் ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஏழு உருப்படிகளை, இரண்டு கூடவோ குறையவோ, மனத்தில் வைத்திருக்க முடியும் என்றது. மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதையும், தெரிந்தவற்றோடு கோத்துக்கொள்வதையும் தடுத்துவிட்டு அளந்தால் உண்மையான அளவு நான்கை ஒட்டியே வருகிறது என்று 2001-இல் நெல்சன் கோவன் காட்டினார். பத்து இலக்கக் கைப்பேசி எண்ணை அப்படியே தாங்க முடியாததற்கு உங்கள் மூளையில் குறை எதுவும் தேவையில்லை. எல்லோருடைய மூளையும் இந்த எல்லைக்கு உட்பட்டதுதான்.

இந்த எல்லை இலக்கங்களின் எண்ணிக்கைக்கு உரியதன்று, தொகுதிகளின் எண்ணிக்கைக்கு உரியது என்பதில்தான் தீர்வு இருக்கிறது. நம் ஊரில் கைப்பேசி எண்ணைப் பலரும் ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சொல்கிறார்கள். ஆதார் எண்ணின் 12 இலக்கங்களும் அட்டையில் நான்கு நான்காக இடைவெளிவிட்டே அச்சிடப்படுகின்றன. நீங்கள் ஐந்து ஐந்தாகக் கேட்டுப் பதிந்துகொண்ட எண்ணை வேறொருவர் மூன்று, மூன்று, நான்கு என்று பிரித்துச் சொன்னால், உங்கள் சொந்த எண்ணாகவே இருந்தாலும் ஒரு கணம் அது அந்நியமாக ஒலிப்பதைக் கவனித்திருப்பீர்கள். மூளை இலக்கங்களைத் தனித்தனியாக வைக்காமல் தொகுதியாகவே வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. ஆகவே எண் சொல்பவரிடம், "ஐந்து ஐந்தாகச் சொல்லுங்கள், முதல் ஐந்தை நான் திருப்பிச் சொன்ன பிறகு அடுத்த ஐந்தைத் தாருங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் இப்பகுதியில் வரும் பிழைகளில் பெரும்பங்கைத் தீர்த்துவிடும்.

மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஏறத்தாழ இரண்டு நொடிகளில் சொல்லி முடிக்கக்கூடிய அளவுதான் அந்தச் சுழற்சியில் நிற்கும் என்று ஆலன் பேட்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1975-இல் கண்டார்கள். நீளமான சொற்கள் என்றால் நினைவில் நிற்கும் எண்ணிக்கை குறைந்தது. வெல்ஷ் மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களுக்கு, உச்சரிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும் வெல்ஷ் எண்களில் நினைவின் அளவு குறைவாக இருந்தது என்று 1980-இல் வெளியான ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. மெதுவாக இழுத்துச் சொல்வதைவிட, தொகுதியை விரைவாகத் திரும்பச் சொல்லிக்கொள்வது பயன் தருவது இதனால்தான்.

பயிற்சியால் இந்த அளவைப் பெருக்க முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சாதாரண நினைவாற்றல் கொண்ட ஒரு மாணவர் 200 மணி நேரத்துக்கும் மேலாகப் பயிற்சி செய்து 79 இலக்கங்கள் வரை திருப்பிச் சொன்னதாக 1980-இல் ஆய்வறிக்கை வந்தது. அவர் ஓட்டப்பந்தய வீரர். வந்த இலக்கங்களில் பெரும்பாலானவற்றை ஓட்ட நேரங்களாக மாற்றிக் கோத்துக்கொண்டார். இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைச் சொன்னபோது அவருடைய அளவு மீண்டும் ஆறுக்கே இறங்கிவிட்டது. வளர்ந்தது கோக்கும் திறமைதான். அடிப்படை அளவு இருந்த இடத்திலேயே இருந்தது. மூளையைக் கூர்மையாக்குவதாகச் சொல்லும் விளையாட்டுச் செயலிகளுக்குப் பணம் கட்டும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகைய ஒரு பெரிய நிறுவனம், ஆதாரமற்ற விளம்பரத்துக்காக 2016-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்த உடன்பட வேண்டியிருந்தது.

சிறு பிள்ளைகளுக்கு இந்த அளவு பெரியவர்களைவிடக் குறைவு. "பையை எடுத்து வை, கை கழுவிட்டு வா, வரும்போது தாத்தாவைக் கூப்பிடு" என்று ஒரே மூச்சில் சொன்னால் ஐந்து வயதுக் குழந்தை ஏதாவது ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிற்கும். அதைச் சொல்பேச்சுக் கேளாமை என்று எடுத்துக்கொண்டு திட்டுவது நியாயமன்று. ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும்.

அறிகுறி: எல்லா இலக்கமும் சரி, இரண்டு இடம் மாறிவிட்டது

4738 என்பது 4378 ஆகிவிடும். எது வந்தது என்பதையும் எந்த வரிசையில் வந்தது என்பதையும் மூளை ஒரே பிடியில் பிடிப்பதில்லை. உருப்படி தங்கி, இடம் பற்றிய குறிப்பு மங்கும்போது பக்கத்துப் பக்கத்து உருப்படிகள் இடம் மாறுகின்றன. தொடக்கமும் முடிவும் தெளிவாக நிற்பதால் பிழை பெரும்பாலும் நடுவிலேயே நேரும். எனவே சரிபார்க்கும்போது முதலிலிருந்து படித்துச் சலிப்படைவதற்குப் பதிலாக நடுவிலுள்ள இலக்கங்களை இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணை நிரப்பும்போது இது மிகவும் பயன்படும்.

ஒரே எண்ணில் ஓர் இலக்கம் இடைவெளிவிட்டு இரண்டாம் முறை வந்தால், அந்த இரண்டாவது விடுபட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். 1900-களின் தொடக்கத்திலேயே ஹங்கேரிய மருத்துவர் பால் ரான்ஷ்பர்க் கவனித்த விளைவு இது. அடுத்தடுத்து இரட்டையாக வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அங்கே சொல்லும் விதத்தில் வேறொரு சிக்கல் நுழைகிறது. 33 என்பதை "இரண்டு மூன்று" என்று சொன்னால் கேட்பவர் 23 என்று எழுதிக்கொள்ளக்கூடும். "மூன்று, மூன்று" என்றோ "டபுள் த்ரீ" என்றோ சொல்வதே பாதுகாப்பானது.

அறிகுறி: அதைப்போல ஒலிக்கும் வேறொன்று வந்துவிடுகிறது

"இருபது" என்று சொன்னது "அறுபது" என்று பதிகிறது. "டி" என்ற எழுத்து "பி" ஆகிறது. காது கேட்பதில் குறை என்று இதை முடிவு கட்டிவிடக் கூடாது. 1964-இல் ரூபன் கான்ராட் செய்த சோதனையில் எழுத்துகள் கண்ணுக்கு மட்டுமே காட்டப்பட்டன; ஒலியே இல்லை. ஆயினும் நினைவிலிருந்து எழுதியபோது நேர்ந்த பிழைகள் உருவ ஒற்றுமையைப் பின்பற்றாமல் ஒலி ஒற்றுமையைப் பின்பற்றின: ஆங்கிலத்தின் "பி"க்குப் பதில் "வி" வந்தது, "எஃப்"-க்குப் பதில் "எஸ்" வந்தது. கண்ணால் பார்த்ததையும் மூளை உள்ளுக்குள் பேச்சாக மாற்றியே பிடித்துவைக்கிறது என்பதை அது வெளிப்படுத்தியது. பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974-இல் முன்வைத்த செயல்நினைவு (தகவலைச் சற்றுநேரம் மனத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் நினைவு) கோட்பாட்டில் ஒலிக்கென்று ஒரு தனிச் சுழற்சியும், காட்சிக்கென்று மற்றொன்றும், இரண்டையும் மேற்பார்க்கும் கவனமும் இடம்பெற்றன.

பெரும்பாலானவர்களுக்கு இந்த ஒலிச் சுழற்சி மூளையின் இடப்பக்கத்தில், பேச்சை உருவாக்கும் முன்பகுதியையும் காதுக்குச் சற்று மேலே பின்புறமுள்ள பக்கப் பகுதியையும் சார்ந்து இயங்குகிறது. இடப்பக்கப் பகுதி அடிபட்ட, ஆய்வேடுகளில் கே.எஃப். என்று குறிக்கப்படும் ஒருவரை எலிசபெத் வாரிங்டனும் டிம் ஷாலிஸும் ஆராய்ந்து 1969-70-இல் எழுதினார்கள். காதால் கேட்டதில் ஒன்றிரண்டு இலக்கங்களுக்கு மேல் அவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அதே இலக்கங்களைக் கண்ணால் பார்த்தபோது நிலைமை மேலாக இருந்தது. புதியவற்றைக் கற்று நாள்கணக்கில் நினைவில் வைத்திருக்கும் திறனோ அவருக்குச் சிதையவே இல்லை.

இங்கே பரிகாரம், ஒலியை வேறுபடுத்துவது அல்லது ஒலியை விட்டு எழுத்துக்கு மாறுவது. மருந்தின் அளவையோ பணத் தொகையையோ தொலைபேசியில் வாங்கும்போது "அறுபது, ஆறு பூஜ்யம்தானே?" என்று இலக்கமாக உடைத்துத் திருப்பிக் கேளுங்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் "நைன்" என்பதை "நைனர்" என்று சொல்ல வேண்டும் என்ற விதி இத்தகைய குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே ஏற்பட்டது. வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டைச் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும்: 11 குறிகளில் முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், எஞ்சிய ஆறும் கிளைக்குரியவை. ஐந்தாவதை "ஓ" என்று சொல்லிப் பழகியதால் எழுத்தாகவே தட்டச்சு செய்துவிடுகிறார்கள். "எம் ஃபார் மதுரை, என் ஃபார் நாகை" என்று ஊர்ப் பெயரால் சொல்வது நீட்டி முழக்குவதுபோலத் தோன்றினாலும், "எம்", "என்" குழப்பத்தை அது அடியோடு நீக்கிவிடுகிறது.

அறிகுறி: யாராவது குறுக்கே பேசியதும் மறைந்துவிடுகிறது

1959-இல் லாயிட் பீட்டர்சனும் மார்கரெட் பீட்டர்சனும் மூன்று மெய்யெழுத்துகளை மட்டும் கொடுத்து, உடனே ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் செய்தார்கள். 18 நொடிகளுக்குப் பிறகு பத்தில் ஒரு பங்கு அளவே நினைவில் தேறியது. காலம் கடந்ததால் தேய்ந்துபோனது என்றே முதலில் எண்ணப்பட்டது. ஆனால் 1962-இல் ஜெஃப்ரி கெப்பலும் பென்டன் அண்டர்வுட்டும் முதல் சுற்றை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, அதில் மறதி ஏறக்குறைய இல்லவே இல்லை. அடுத்தடுத்த சுற்றுகளில், முன்பு படித்தவை குறுக்கே வரத் தொடங்கியபோதுதான் பிழைகள் பெருகின. இந்த முடிவுக்கு நான் மிகுந்த மதிப்பு கொடுக்கிறேன். மறதிக்கு நேரத்தைக் குறைகூறிக்கொண்டிருப்பவர், தன்னைச் சுற்றியுள்ள குறுக்கீடுகளைத் திருத்த முயலவே மாட்டார்.

குறுக்கீடு இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. பிறகு வந்தது முன்பு வந்ததை அழிப்பது ஒன்று: பருப்பில் உப்புப் போடக் கையை நீட்டும்போது வாசலில் அழைப்புமணி அடித்து, திரும்பி வந்ததும் போட்டோமா என்று தெரியாமல் நிற்பது. முன்பு இருந்தது புதியதை மறைப்பது மற்றொன்று: வண்டி நிறுத்துமிடத்தில் நேற்று நிறுத்திய தூணருகே போய்த் தேடுவதும், காலாவதியான ஓடிபியின் இலக்கங்கள் புதிய ஓடிபியைத் தட்டும்போது விரலில் வந்து நிற்பதும் இந்த வகை.

முதல் வகைக்கு வழி, குறுக்கீடு வந்தவுடன் எழுந்துபோகாமல் ஒரு மூச்சு நேரம் எடுத்து, நின்ற இடத்தை வெளியே பதிந்துவைப்பது. உப்பு டப்பாவைத் திறந்தபடி அடுப்பருகே வைத்துவிட்டுப் போகலாம். கணக்கெழுதும்போது நின்ற வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி வைக்கலாம். "ஒரு நிமிஷம்மா, இதை முடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு முடித்துக்கொண்டு போவது இதைவிடவும் நல்லது. இரண்டாம் வகைக்கு, புதியதைப் பழையதிலிருந்து வேறுபடுத்தும் ஓர் அடையாளத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: "இன்று பி-2, சிவப்புத் தூண், லிஃப்டுக்கு இடப்புறம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள், அல்லது கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னணியில் ஓடும் பேச்சும் இதே ஒலிச் சுழற்சியைக் கலைக்கிறது. நாம் கவனிக்காவிட்டாலும், நமக்குப் புரியாத மொழியாகவே இருந்தாலும், மாறிக்கொண்டே இருக்கும் பேச்சொலி இலக்கங்களை வரிசையாக நினைவில் வைப்பதைக் கெடுக்கிறது என்பது 1976 முதல் பல சோதனைகளில் காணப்பட்டது. தொலைக்காட்சித் தொடர் ஓடும் கூடத்தில் உட்கார்ந்து கணக்கெழுதுவோரும், பாட்டு கேட்டுக்கொண்டே மனப்பாடம் செய்யும் மாணவர்களும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அறிகுறி: அறைக்குள் வந்ததும் எதற்கு வந்தோம் என்பது மறந்துவிடுகிறது

நோட்டர் டாம் பல்கலைக்கழகத்தின் கேப்ரியல் ராட்வான்ஸ்கியும் அவர் குழுவினரும் 2011-இல், வாசலைக் கடந்தவர்கள் அதே தூரத்தை ஒரே அறைக்குள் நடந்தவர்களைவிட, கையில் எடுத்துவந்த பொருளைப் பற்றி அதிகம் மறந்தார்கள் என்று காட்டினார்கள். இடம் மாறியதும் மூளை ஒரு நிகழ்ச்சியை முடித்து அடுத்ததைத் தொடங்குகிறது. முந்தைய நிகழ்ச்சியைச் சேர்ந்தவை பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. வாசல் எப்போதும் இப்படிச் செய்வதில்லை. பின்னர் வந்த சோதனைகளில், மனம் ஏற்கெனவே வேறு வேலையால் நிறைந்திருந்தபோதுதான் இந்த விளைவு தெரிந்தது. அறையில் நின்று நெற்றியைத் தேய்ப்பதில் பயனில்லை. கிளம்பிய இடத்துக்கே திரும்பிப் போய் நின்றால் சில நேரம் எண்ணம் மீளலாம், ஆனால் அது உறுதியன்று. அடுத்த முறை, கிளம்பும்போதே "கத்தரிக்கோல்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போங்கள்.

அறிகுறி: வேலை முடிகிறது, கடைசிச் சிறு படி மட்டும் விட்டுப்போகிறது

ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அசல் சான்றிதழைக் கண்ணாடிக்கு அடியிலேயே விட்டுவிட்டு வருவது, பணத்தை எடுத்துக்கொண்டு ஏடிஎம் அட்டையை விட்டுவிடுவது, பாலை இறக்கிவைத்துவிட்டு அடுப்பை அணைக்காமல் விடுவது ஆகிய எல்லாம் ஒரே பிழையின் வடிவங்கள். மூளை ஒரு நோக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரைதான் அதற்கு உட்பட்ட படிகளும் உயிர்ப்போடு இருக்கும். பணம் கைக்கு வந்ததும் நோக்கம் நிறைவேறிவிடுகிறது, அதைத் தாங்கி நின்ற கவனம் விலகுகிறது, மிச்சமிருந்த படியும் அதோடு உதிர்கிறது. மைக்கேல் பர்னும் சூசன் போவேரும் 1997-இல் இதை ஆய்ந்து, மனத்தின் சுமை கூடும்போது இப்பிழையும் கூடுகிறது என்று கண்டார்கள். படியை விட்டுவிடக்கூடாது என்று நன்றாகத் தெரிந்தவர்களே விட்டார்கள் என்பதால், கவனமாக இரு என்ற அறிவுரை இங்கே பலிக்காது. வரிசையைத்தான் மாற்ற வேண்டும். பல நாடுகளில் ஏடிஎம் இயந்திரங்கள் அட்டையை எடுத்த பிறகே பணத்தைத் தரும்படி அமைக்கப்பட்டுள்ளன. அதே முறையில், ஜெராக்ஸ் கடையில் அசலைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே பணம் கொடுங்கள். முதலில் அடுப்பை அணைத்துவிட்டு, பிறகு பாத்திரத்தை இறக்குங்கள்.

அறிகுறி: செய்தேனா, செய்யவில்லையா?

நாள்தோறும் செய்யும் செயல்களைக் கவனத்தின் உதவியின்றி, பழக்கத்துக்குப் பொறுப்பான மூளையின் ஆழ்பகுதிகளே நடத்திவிடுகின்றன. கவனம் வேறெங்கோ இருந்தபோது பூட்டிய கதவு நினைவில் பதிவதே இல்லை. பதிந்திருந்தாலும் நேற்றுப் பூட்டியதும் இன்று பூட்டியதும் ஒன்றுபோலவே இருக்கும். மாத்திரை விஷயத்தில் இது ஆபத்தாக முடியும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் ஐயத்தில் இரண்டாம் முறை விழுங்கிவிடாமல் இருக்க, கிழமை அச்சிட்ட மாத்திரைப் பெட்டியைப் பயன்படுத்துவதே சரி; செவ்வாய்க்கிழமைக் குழி காலியாக இருந்தால் போட்டாயிற்று. நினைவைக் கேட்க வேண்டிய தேவையே எழாது.

கதவைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது தீர்வாகாது என்பதற்கு வலுவான சான்று உண்டு. மார்செல் வான் டென் ஹவுட்டும் மெரெல் கிண்டும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கணினித் திரையில் இருந்த கேஸ் அடுப்பைப் பலமுறை சரிபார்த்தவர்களுக்கு நினைவின் துல்லியம் குறையவில்லை. ஆனால் அந்த நினைவின் தெளிவும் அதன்மீதான நம்பிக்கையும் சரிந்தன. பார்க்கப் பார்க்க ஐயம் வளர்கிறது. ஒரே ஒரு முறை, கைப்பிடியை இழுத்துப் பார்த்து, "பூட்டிவிட்டேன், இன்று வெள்ளிக்கிழமை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குங்கள். இந்தச் சரிபார்ப்பிலேயே நாளின் கணிசமான நேரம் போய்விடுகிறது என்றால் அது மறதி சார்ந்ததன்று. மனநல மருத்துவரின் உதவியால் நன்கு குணமாகக்கூடிய ஒரு நிலை அது.

அறிகுறி: சொல்லாததைச் சொன்னதாக உறுதியாக நினைக்கிறேன்

படுக்கை, ஓய்வு, கனவு, களைப்பு என்று நான்கு சொற்களைக் காட்டி, சில நொடிகளிலேயே "தூக்கம் இருந்ததா?" என்று கேட்டால் சிலர் இருந்தது என்கிறார்கள். இவ்வகைச் சோதனையை அட்கின்ஸும் ராய்ட்டர்-லோரன்ஸும் 2008-இல் வெளியிட்டார்கள். சொல்லோடு சேர்த்துப் பொருளையும் மூளை பதிந்துகொள்வதால் நேரும் பிழை இது. வாக்குவாதத்தில் "நீங்க அப்படித்தான் சொன்னீங்க" என்று ஒருவர் உறுதியாகச் சொல்லும்போது அவர் பொய் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். பணம், தேதி, ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட பேச்சை அன்றே ஒரு செய்தியாக எழுதி இருவரும் வைத்துக்கொள்வது போதும்.

அறிகுறி: நேர்காணலிலும் தேர்விலும் மனம் வெறுமையாகிவிடுகிறது

நெற்றிப் பகுதியின் நரம்பணு இணைப்புகள் டோபமைன், நார்அட்ரினலின் ஆகிய மூளை வேதிப்பொருள்களின் அளவுக்கு மிகவும் நுட்பமாக எதிர்வினை ஆற்றுகின்றன. அவை மிகக் குறைந்தால் மந்தம் ஏற்படுகிறது. பதற்றத்தில் மிகுதியாகச் சுரந்தால் அந்த இணைப்புகள் தளர்ந்து, பிடித்திருந்தது நழுவுகிறது என்பதை ஏமி ஆர்ன்ஸ்டனின் ஆய்வுகள் விளக்குகின்றன. படித்தது அழிந்துவிடவில்லை என்பதால் தேர்வறையில் முதல் சில நிமிடங்களில் சூத்திரங்களை ஓரத்தாளில் எழுதிவைத்துக்கொண்டால் அந்தச் சுமை இறங்கிவிடும். தூக்கம் குறைந்தாலும் இதே நெற்றிப் பகுதிதான் முதலில் தடுமாறுகிறது. தேர்வுக்கு முந்தைய இரவு விழித்துப் படிப்பதை என்னால் ஒருபோதும் பரிந்துரைக்க முடியாது.

மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

கனெக்டிகட்டைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953-இல், வலிப்பைக் கட்டுப்படுத்துவதற்காக, ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட மூளையின் இருபக்க உட்பகுதிகள் அகற்றப்பட்டன. அதன்பின் அவரால் இலக்கங்களைக் கேட்டவுடன் பிறரைப்போலவே திருப்பிச் சொல்ல முடிந்தது. அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் சொன்ன 584 என்ற எண்ணை, இலக்கங்களைக் கூட்டியும் கழித்தும் மனத்துக்குள் ஓயாமல் பேசிக்கொண்டே கால் மணி நேரம் தக்கவைத்திருந்தார். பேச்சு வேறு பக்கம் திரும்பிய ஒரு நிமிடத்தில், எண் மட்டுமின்றி, ஓர் எண்ணை நினைவில் வைக்கச் சொன்னார்கள் என்பதே அவருக்கு இல்லாமல் போனது. 2008-இல் இறக்கும்வரை அவர் அப்படியே வாழ்ந்தார். இதுவரை பார்த்த பிழைகள் அனைத்திலிருந்தும் வேறுபட்ட ஒன்றை இது காட்டுகிறது: பிடித்திருப்பது சரியாக இருந்தும், நிலையான நினைவாக மாற்றும் பகுதி பழுதடைந்தால் சற்றுமுன் நடந்தது முழுமையாக மறைகிறது, குறிப்புக் கொடுத்தாலும் திரும்புவதில்லை.

ஆகவே, வீட்டிலுள்ள பெரியவர் எதற்கு வந்தேன் என்று சமையலறையில் நின்று, பிறகு நினைவு வந்து சிரித்தால் அஞ்ச வேண்டியதில்லை. பதில் சொன்ன பத்து நிமிடத்தில் அதே கேள்வியைப் புதிதாகவே மீண்டும் கேட்டால், மதியம் சாப்பிட்டதை நினைவூட்டியும் சாப்பிடவில்லை என்று மறுத்தால், பழகிய தெருவில் வழி தவறினால், கணக்கு வழக்கில் புதிதாகத் தடுமாறினால், நரம்பியல் மருத்துவரையோ முதியோர் நல மருத்துவரையோ பார்க்க வேண்டும். வயதானால் அப்படித்தான் என்று தள்ளிப்போடுவது, சரிசெய்யக்கூடிய காரணங்களையும் கைநழுவச் செய்துவிடும். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடை, தூக்க மாத்திரைகள், சில ஒவ்வாமை மருந்துகள் ஆகியவற்றால் வரும் மறதி சிகிச்சையால் குறையக்கூடியது.

மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாளில் திடீரென்று ஏற்பட்ட குழப்பம் அவசரநிலை. முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ, உடலில் உப்புச்சத்து குறைவதோ, சர்க்கரை தாழ்வதோகூட அப்படிக் காட்டும். முகம் கோணுதல், கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பிறகு மறதி ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108-ஐ அழைத்து, பக்கவாதச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அவசரமில்லாத நிலையில் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, எப்போது தொடங்கியது, மெல்ல வளர்ந்ததா திடீரென்று வந்ததா, எந்த நேரத்தில் அதிகம், நினைவூட்டினால் திரும்புகிறதா என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சாப்பிடும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்தும் கடையில் கேட்டு வாங்கியதும் உட்பட, அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மறப்பவர் தன் மறதியை மறந்துவிடக்கூடும் என்பதால், அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் ஒருவர் கட்டாயம் உடன் செல்ல வேண்டும்.